ஐந்து நட்சத்திர விருந்தும் நாற்பது பக்க ஒயின் பட்டியலும்

கேள்வியின் சுருக்கம் இது. பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒருவர், ஜெர்மனியிலிருந்து வரும் மூன்று பேரை அலுவலகத்தின் சார்பில் இரவு விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும். பெரிய ஒயின் செல்லார் உள்ள ஐந்து நட்சத்திர ஹோட்டலாகப் பார்த்து மேலாளரே இடத்தை முடிவு செய்துவிட்டார். கேட்டவர் சைவம், குடிப்பழக்கமும் இல்லை. பட்டியல் நாற்பது பக்கம் இருக்கிறதாம். எதைக் கேட்பது, அசடு வழியாமல் எப்படிச் சமாளிப்பது, அந்தச் செல்லாரில் அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலின் இரண்டு ஓரங்களில் மட்டும் கை வையுங்கள். ஒரு ஓரம் இந்திய ஒயின், மறு ஓரம் நன்றாக வயதான புட்டி. நடுவில் உள்ள பக்கங்களில்தான் கம்பெனிக் காசு கரையும். எந்தப் புட்டி என்று தேர்ந்தெடுக்க நீங்கள் நிபுணராக வேண்டியதில்லை. செல்லார் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் முந்தின நாளே பேசினால் போதும். இந்த ஊர் ஹோட்டல்களில் ஒயின் பரிமாறியே காலம் தள்ளியவன் நான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

செல்லார் என்பது அடிப்படையில் குளிரூட்டிய ஒரு கிடங்கு. வெப்பம் 12 முதல் 14 டிகிரிக்குள், ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், வெளிச்சம் குறைவாக, அதிர்வு இல்லாமல் இருக்க வேண்டும். புட்டிகளைப் படுக்க வைப்பது கார்க்குக்காக. ஒயின் தொட்டுக்கொண்டே இருந்தால் கார்க் உப்பி, வாயை இறுக்கி அடைத்திருக்கும். வருஷக்கணக்கில் நிமிர்த்தி வைத்தால் காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும், ஒயின் கெடும். திருகு மூடி போட்ட புட்டிக்கு இந்தக் கவலை கிடையாது. "நம்ம பெங்களூருக்கு எதுக்குங்க ஏசி ரூம்?" என்று காக்ஸ் டவுன் பெரியவர்கள் கேட்பார்கள். 2024 ஏப்ரலில் 38 டிகிரியைத் தாண்டியபோது அவர்கள் வீட்டிலேயே ஏசி மாட்டினார்கள். அந்த மாதிரி வெயிலில் சில நாள் ஒரு லாரி ஷெட்டில் கிடந்தாலே போதும், உள்ளே ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளிவிடும். அப்படிப்பட்ட புட்டியில் பழத்தின் புதுமை போய், வெந்த வாடைதான் மிஞ்சும். ஆகவே நல்ல செல்லாருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, அந்தப் புட்டி இத்தனை வருஷம் வெயில் படாமல் இருந்ததற்கான கூலி.

ரெஸ்டாரன்ட் வாசலில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் விளக்குப் போட்டு அடுக்கியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பல இடங்களில் அது காட்சிக்கு. சரக்கு கீழே பேஸ்மென்ட்டில் இருக்கும். ஒரு ஹோட்டலில் பழைய சிவப்பு ஒயினை நிமிர்த்தி, நேர் மேலே ஸ்பாட்லைட் போட்டு வைத்திருந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. விருந்தாளிகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தால், "கீழே இருந்து ஒன்று கொண்டுவர முடியுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

சுவரில் மாட்டியிருக்கும் விருதுகளையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' என்ற அமெரிக்கப் பத்திரிகை 1981 முதல் ரெஸ்டாரன்ட்டுகளின் ஒயின் பட்டியலுக்கு விருது தருகிறது. மூன்று நிலைகள். முதல் நிலைக்குப் பட்டியலில் 90 ஒயின்கள் இருந்தாலே விண்ணப்பிக்கலாம், நடு நிலைக்கு 350, உச்ச நிலையான கிராண்ட் அவார்டுக்கு 1000 வாக்கில். விருது இருப்பது நல்லதுதான், எந்த நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி விலை. இதைப் புரிந்துகொண்டால் பட்டியல் பாதி புரிந்த மாதிரி. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் நீண்ட காலமாக 150 சதவீதம் சுங்க வரி இருந்துவந்தது. அந்தக் கணக்கில் ஒரு புட்டி ஆயிரம் ரூபாய் மதிப்பில் துறைமுகத்தில் இறங்கினால் வரி மட்டும் ஆயிரத்து ஐந்நூறு. அதற்கு மேல் மாநில கலால் வரி, இறக்குமதியாளர் லாபம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டிய பதிவுக் கட்டணம். கடைசியில் ஹோட்டல் தன் பங்குக்கு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வைக்கும். லேபிள் கட்டணத்தால் இன்னொரு விளைவும் உண்டு. வருஷத்துக்கு நூறு புட்டி விற்கும் ஒரு சின்னத் தோட்டத்து ஒயினுக்கு அந்தக் கட்டணம் கட்டி எந்த இறக்குமதியாளருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அதே பெரிய கம்பெனிப் பெயர்களாகவே கண்ணில் படும். ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்தபின் அந்த நாட்டு ஒயின்களுக்கு, புட்டி ஐந்து டாலருக்கு மேல் இருந்தால், வரி படிப்படியாகக் குறைந்துவருகிறது. பட்டியலின் நடுப் பக்கங்களில் எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால் அங்கே தேடுங்கள்.

இப்போது உங்கள் விருந்தாளிகளை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனிக்காரர்கள். பிரான்ஸ் பக்கத்து நாடு, இத்தாலிக்குக் காரிலேயே போய் வருவார்கள், மோசல் நதிக்கரையின் ரீஸ்லிங் வெள்ளை ஒயின் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும். அவர்கள் ஊர்க் கடையில் சில யூரோவுக்கு வாங்கும் புட்டியை இங்கே பத்தாயிரம் கொடுத்து முன்னால் வைத்தால் உங்கள் மனசு கோணாமல் இருக்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதையே நந்தி மலை அடிவாரத்து ஒயினைக் கொடுத்துப் பாருங்கள், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்கள். தொட்டபள்ளாபுரம் பக்கம் குரோவர் தோட்டம் 1980-களின் கடைசியில் தொடங்கியது. பிரான்ஸின் ஒயின் பகுதியான போர்தோவின் பேர்போன ஆலோசகர் மிஷேல் ரோலான் அங்கே பல வருஷம் ஆலோசனை சொன்னவர். அவர்களுடைய லா ரிசர்வ் சிவப்பு ஒயின், கேபர்னே சோவின்யோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகளும் சேர்ந்தது. ஹம்பி மலைப் பக்கம் கிருஷ்மா என்ற சின்ன எஸ்டேட் இருக்கிறது, அவர்களுடைய கேபர்னேயைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் அக்லூஜ் பக்கம் ஃப்ராத்தெல்லி கம்பெனி செய்யும் 'செத்தே' என்ற ஒயின், சாஞ்சியோவேசே திராட்சையும் கேபர்னேயும் கலந்தது, இத்தாலியச் சாப்பாட்டோடு நன்றாகப் போகும். உங்களுக்கு மேஜையில் பேச விஷயமும் கிடைக்கும். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். இங்கே கொடியை வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, மழைக்காலத்தை ஒதுக்கிவிட்டு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஜெர்மனிக்காரர்களிடமிருந்து பத்துக் கேள்வி வரும். பதில் தெரியாவிட்டால் பரிமாறுகிறவரைக் கூப்பிடுங்கள், அவருக்கு இதைவிட சந்தோஷமான வேலை கிடையாது. பெங்களூரு ப்ளூ திராட்சையை மட்டும் ஒயினாக இங்கே கேட்காதீர்கள். ஃபிரேசர் டவுன் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக்கோடு கொடுக்கும் இனிப்பு ஒயினுக்கு அது அருமையான பழம், அதன் இடம் அதுதான்.

மறு ஓரத்துக்கு வருகிறேன். பெரிய செல்லார் என்று பெயர் எடுத்த இடத்தின் உண்மையான சொத்து, பத்து இருபது வருஷத்துக்கு முன் வாங்கி அசையாமல் வைத்திருக்கும் புட்டிகள். ஒரு காலத்தில் அந்நியச் செலாவணி ஈட்டும் ஹோட்டல்களுக்கு வரியில்லாமல் இறக்குமதி செய்யும் சலுகை இருந்தது. அப்போது வாங்கிய சரக்கு சில இடங்களில் இன்னும் கிடக்கிறது. உலகச் சந்தையில் அந்த வருஷத்துப் புட்டி எங்கேயோ போயிருக்கும். இங்கே யாரும் கேட்காததால் பட்டியலில் விலையை ஏற்றாமலே விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றை ஜெர்மனிக்காரர் தன் ஊரில் தேடிப் பிடிப்பதே கஷ்டம். லஃபீத், லத்தூர், மார்கோ என்ற போர்தோவின் பெரும் பெயர்களை வைத்தே ஒரு எச்சரிக்கை. 1855-ல் போட்ட தரவரிசையில் உச்சத்தில் இருப்பவை இவை. ஆனால் ஐந்தாறு வருஷமே ஆன புட்டியை லட்சம் கொடுத்துத் திறந்தால் வாய் வறளும் துவர்ப்புதான் மிஞ்சும். இவை அடங்கவே பதினைந்து, இருபது வருஷம் வேண்டும். பெயரைப் பார்க்காமல் வருஷத்தைப் பாருங்கள். அவ்வளவு புகழில்லாத ஒரு போர்தோவோ இத்தாலியின் பரோலோவோ, இருபது வயதானது, இளசான லஃபீத்தை விட மேஜையில் நன்றாகப் பேசும், விலையும் அதில் ஒரு சின்னப் பங்குதான்.

முந்தின நாளே பேசுங்கள் என்று சொன்னதற்கு முக்கியக் காரணம் இந்தப் பழைய புட்டி. வயதான சிவப்பு ஒயினில் வண்டல் இருக்கும். படுத்துக் கிடக்கும்போது அது பக்கவாட்டில் படிந்திருக்கும். ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்தால்தான் அடியில் இறங்கும். திறக்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், அந்த விருந்தில் உங்களுக்கும் ரசிக்கக் கிடைப்பது இதுதான். புட்டியை ஆட்டாமல் கொண்டுவருவார். வாயின் விளிம்புக்குக் கீழே, கார்க்கை மூடிச் சுற்றியிருக்கும் உலோகத் தாளை ஒரே சுற்றில் அறுப்பார். பழைய கார்க் பொடிந்துவிடும் என்பதால் சுருள் திருகைக் குத்தாமல், இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள கருவியை கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருபுறமும் மாற்றி மாற்றி இறக்கி, லேசாகத் திருகி மேலே எடுப்பார். சத்தம் வராது. பிறகு ஒரு மெழுகுவர்த்தியையோ சின்ன டார்ச்சையோ புட்டியின் கழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு டிகேன்ட்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்றுவார். கழுத்தில் புகை மாதிரி வண்டல் நுழைவது தெரிந்த நொடியில் நிறுத்திவிடுவார். புட்டியில் மிஞ்சும் ஒரு விரற்கடை ஒயினைத் தொடமாட்டார். இதைச் சரியாகச் செய்கிறவர் கிடைத்துவிட்டால் மீதி இரவை அவரிடமே ஒப்படைத்துவிடலாம்.

யார் அவர்? சொமெலியர் என்பார்கள். எல்லா ஹோட்டலிலும் அந்தப் பதவி இருக்காது, சில இடங்களில் பானங்களுக்கான மேனேஜர் அந்த வேலையைப் பார்ப்பார். போன் செய்யும்போது ரிசர்வேஷனில் இருப்பவரிடம் "ஒயின் லிஸ்ட்டைப் பார்ப்பவரோடு பேச வேண்டும்" என்று கேளுங்கள். பெங்களூரு ஹோட்டல்களில் தரமணியிலும் திருச்சியிலும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்த நம் ஆட்கள் ஏராளம். பேச்சிலேயே தெரிந்துவிடும், "அண்ணா, நீங்க எந்த ஊரு?" என்று அவரே கேட்டாலும் கேட்பார். கூச்சமில்லாமல் தமிழிலேயே சொல்லுங்கள்: மூன்று பேர் குடிப்பார்கள், நான் குடிக்கமாட்டேன், கம்பெனி பில், இவ்வளவுக்குள் இருக்க வேண்டும். ஒரு புட்டி 750 மில்லி, கிளாஸுக்கு 150 மில்லி என்றால் ஐந்து வரும். மூன்று பேருக்கு, மூன்று மணி நேர விருந்துக்கு, இரண்டு புட்டி தாராளம்: ஒன்று இந்தியம், ஒன்று பழசு. முன்னதாகப் பேச முடியாமல் போனால், மேஜையில் பட்டியலைத் திறந்து உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு விலையின் மேல் விரலை வைத்து, "இந்த மாதிரி ஏதாவது" என்று சொன்னால் போதும். அந்த விரல் எதற்கு என்று அவருக்குத் தெரியும், விருந்தாளிகளுக்குத் தெரியாது.

புட்டி வந்ததும் லேபிளைக் காட்டுவார். பெயரையும் வருஷத்தையும் சரிபார்த்துத் தலையாட்டுங்கள். வேறு வருஷத்துப் புட்டி வருவது அடிக்கடி நடக்கிற விஷயம், விலையே மாறிவிடும். பிறகு ஒரு வாய் ஊற்றி விருந்தளிப்பவரிடம் நீட்டுவார். பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, கெட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறார். கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மத்தால் சில புட்டிகள் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அதைக் கண்டுபிடிக்க மூக்கு போதும், குடிக்க வேண்டியதில்லை. "நான் குடிப்பதில்லை, நீங்கள் பாருங்களேன்" என்று மூவரில் மூத்தவரிடம் தள்ளிவிட்டால் அவருக்கு அது மரியாதை. சொமெலியரையே பார்க்கச் சொன்னாலும் சரி. குடிக்காததற்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், யாரும் கேட்கமாட்டார்கள். மது இல்லாத பானங்களாக ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒன்று வைக்க முடியுமா என்று முன்னாலேயே கேட்டுவையுங்கள், நல்ல இடங்களில் மகிழ்ச்சியாகச் செய்து கொடுப்பார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, லீலா பேலஸின் ஜமாவர் மாதிரி இந்தியச் சாப்பாட்டு இடமா, அதே ஹோட்டலின் லெ சிர்க் சிக்னேச்சர் மாதிரி ஐரோப்பிய இடமா என்பதைப் பொறுத்து ஒயின் மாறும். சின்னச் சின்ன கோர்ஸ்களாக வரும் ஐரோப்பிய டேஸ்டிங் மெனு என்றால் சமையலறையும் சொமெலியரும் பேசிவைத்துக்கொள்வார்கள், நீங்கள் சைவம் என்பதை மட்டும் முட்டை உண்டா இல்லையா என்பதோடு சேர்த்து முன்கூட்டியே சொல்லுங்கள். இந்தியச் சாப்பாட்டில்தான் சிக்கல். மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் சேர்ந்தால் நாக்கில் தீப்பிடிக்கும், ஆல்கஹால் அந்த எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும். பாவம், விருந்தாளி தண்ணீரைத் தேடுவார். காரமான கோர்ஸுக்கு லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் வேண்டும், இந்தியக் கம்பெனியான சூலாவின் செனின் பிளாங்க் இதற்கு வசதி. அடுத்தது நம் புளி. சாப்பாட்டில் இருக்கும் புளிப்பு ஒயினின் புளிப்பை விட அதிகமானால் ஒயின் தண்ணீராகிவிடும். புளி போட்ட மீன் குழம்புக்குப் பக்கத்தில் வெள்ளை ஒயின்களில் சோவின்யோன் பிளாங்க் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஷார்தொனே படுத்துவிடும். அதே ஷார்தொனே தேங்காய்ப்பால் ஸ்டியூவோடு அபாரமாக இருக்கும். பொரித்த பலகாரத்துக்கு நுரைக்கும் ஒயினை மிஞ்ச எதுவும் இல்லை. அந்தப் பழைய புட்டியைக் காரமெல்லாம் முடிந்தபின், கரியில் சுட்ட இறைச்சியோ காளானோ வரும்போது திறக்கச் சொல்லுங்கள். ரசத்துக்கு எந்த ஒயினும் கிடையாது, அதை ரசமாகவே குடித்துவிடுவது உத்தமம்.

பில்லில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மாநில வரிதான். இந்த மாதிரி ஹோட்டல்களில் உணவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆகவே பில் இரண்டு பகுதியாக வரும், சில ஹோட்டல்களில் இரண்டு தனித் தாளாகவே வரும். உங்கள் அலுவலகத்தில் மதுச் செலவைத் திருப்பித் தருவார்களா, யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதை மேலாளரிடம் மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளில் அந்தத் தாள் அப்படியே திரும்பி வந்துவிடும். தண்ணீர் என்று கேட்டதும் வெளிநாட்டுப் புட்டித் தண்ணீரைத் திறந்துகொண்டே இருப்பார்கள், உட்கார்ந்ததுமே எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். நல்ல சேவை கிடைத்திருந்தால் அந்தத் தொகையை ஊற்றியவரிடமே நேராகக் கொடுப்பேன் நான்.

தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்று மது கிடையாது. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படித்தான், எத்தனை நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் செல்லார் பூட்டியே இருக்கும். ஜெர்மனிக்காரர்கள் ஏழு மணிக்கே சாப்பிட உட்காருகிறவர்கள், ஒயிட்ஃபீல்டிலிருந்து கிளம்புவதாக இருந்தால் ஐந்தரைக்கே வண்டியை எடுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், மேஜைக்குப் போகும் முன் செல்லாரைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் சேராத நேரம் என்பதால் பெரும்பாலும் கூட்டிப் போவார்கள். உள்ளே குளிரும், உங்கள் கோட்டைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள்.